வைரஸ் போன பிறகு வந்த இரண்டாவது அடி

என் தம்பிக்கு அப்போது 34 வயது. கோவை கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். 2022 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. 101 டிகிரி, கூடவே தலைவலி. மழைக்காலம், தெருவில் பாதி வீட்டில் காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான்.

செவ்வாய் சாயங்காலம் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கியவன் ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, யாரோ டயர் எரிக்கறாங்க, அதைச் சாத்து" என்றான். எனக்கு எந்த வாடையும் வரவில்லை. காய்ச்சலில் மூக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

புதன் காலை பட்டறைப் பையன் வெர்னியர் என்ற அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஏதோ அளவு கேட்க வீட்டுக்கு வந்தான். தம்பி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதினைந்து வருஷமாகத் தினமும் கையில் இருக்கும் கருவி. "இந்த... சாவி இருக்குதில்ல, சாவியை வெச்சு அளந்துக்க" என்றான். பையன் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. தான் சொன்னது தப்பு என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். காய்ச்சலுக்கு ஊசி போட்டு, தூக்கத்துக்கு மாத்திரை எழுதி, "தொழில் டென்ஷன், நல்லாத் தூங்கினாச் சரியாயிடும்" என்று அனுப்பினார்கள். வீட்டுப் பெரியவர்கள் மந்திரிக்கலாம் என்றார்கள். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வியாழன் விடியற்காலை நாலு மணிக்கு அவனுக்கு வலிப்பு வந்தது. வாய் வலது பக்கம் இழுத்து, வலது கை வெட்டி வெட்டி இழுத்தது.

அன்று பகலுக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் நீரும் எடுத்துவிட்டார்கள். படத்தில் மூளையின் இடது பொட்டுப் பக்கம், அதாவது காதுக்கு மேலே உள்ள பகுதி, வெள்ளையாக வீங்கியிருந்தது. பெயர்களும் ஞாபகமும் வாசனையும் கூடுகிற இடம் அது. டயர் வாடையும் சாவியும் எங்கிருந்து வந்தன என்று அந்தப் படத்தைப் பார்த்ததும் விளங்கியது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே நியூரோ டாக்டர் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கச் சொன்னார். சனிக்கிழமை பி.சி.ஆர். முடிவு வந்தது: ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், முதல் வகை.

இந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹெர்பீஸ் என்றாலே தகாத உறவால் வருவது என்று தம்பி மனைவியின் காதுபடவே சிலர் தப்பாகப் பேசினார்கள். உதட்டோரம் கொப்புளம் வருமே, அந்த வைரஸ்தான் இது. சின்ன வயதிலேயே பெரும்பாலானவர்கள் உடம்புக்குள் வந்து, முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கத் தூங்கிக் கிடப்பது. மூளைக்குள் போவது வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு முதல் நாலு பேருக்குத்தான். யாரும் யாருக்கும் கொடுத்த பழி இதில் இல்லை. இன்னொரு பக்கம், மூளைக்காய்ச்சல் என்றதும் அக்கம்பக்கத்தில் கொசுவுக்குப் பயந்தார்கள். கொசு பரப்புவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். 1955-ல் இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் வேலூர்ப் பக்கம்தான். அதற்குத் தடுப்பூசி உண்டு, வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. தம்பிக்கு வந்ததற்குத் தடுப்பூசி கிடையாது, மருந்து உண்டு.

அந்த மருந்து வராத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 70 பேர் இறந்தார்கள். 1980-களில் அசைக்ளோவிர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவை மனதாரக் கும்பிட்டேன்.

கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். 21 நாளுக்கு 63 டோஸ். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், டோஸ் ஏறி முடிந்ததும் ஒரு கோடு போட்டேன். அந்த நோட்டு பிற்பாடு எங்களுக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது. ஆறாம் நாள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.6-க்கு ஏறியது. இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடியது என்றும், நீர் போதுமான அளவு உள்ளே போக வேண்டும் என்றும் சொல்லி ட்ரிப்ஸைக் கூட்டினார்கள். மூன்று நாளில் இறங்கியது. அதனால் சொல்கிறேன், அசைக்ளோவிர் ஏறுகிறவர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நீர் போகிறது, எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று நீங்களும் எழுதி வையுங்கள்.

பதினோராம் நாள் காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. ஆளை அடையாளம் தெரிந்தது, இட்லி கேட்டான். உறவினர்கள் எல்லோரும், மாத்திரையாக எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பில்லும் ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரையில் மூளைக்குள் போய்ச் சேரும் அளவு போதாது, பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் வைரஸ் திரும்பக் கிளம்பும் என்று டாக்டர் பிடிவாதமாக மறுத்தார். இரண்டு பவுன் அடகுக்குப் போனது. 63 கோடும் போட்டோம்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்த வீக்கமெல்லாம் வைரஸ் செய்ததா? அவர் ஒரு லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் நரம்புச் செல் ஒன்றை வரைந்து, "பாதி வைரஸ் செஞ்சது டீச்சர், பாதி நாமளே செஞ்சது" என்றார். டி செல் (தொற்றைத் தேடிப்போகும் வெள்ளை அணு), சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞை) என்று எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். அவை ஒரு மூளைக்குள் என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் புரிய ஆரம்பித்தது.

வைரஸ் நுழைந்ததும் நரம்புச் செல் ஓர் அபாயக் குரல் கொடுக்கிறது. அதுதான் இன்டர்ஃபெரான். பக்கத்துச் செல்கள் அதைக் கேட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும். இந்தக் குரல் சரியான நேரத்தில் வந்துவிட்டால் வைரஸ் பரவ முடியாது. எங்கே தப்புகிறது என்பதற்கு ஒரு பதில் பாரிஸில் ழான்-லோரான் காஸனோவா குழுவிடமிருந்து கிடைத்தது. வைரஸின் வாடையைப் பிடிக்கும் டி.எல்.ஆர்.3 என்ற உணர்வி உண்டு. அதிலோ அதன் பாதையிலோ பிறவிப் பழுது இருக்கும் சில குழந்தைகளுக்கு, மற்ற எந்த நோயும் வராமல் இந்த மூளைக்காய்ச்சல் மட்டும் வருகிறது என்று 2006, 2007 ஆண்டுகளில் காட்டினார்கள். உடம்பின் மற்ற இடங்களில் வேறு காவல் உண்டு. மூளையில் அந்த ஒரு மணியை நம்பித்தான் இருக்கிறோம். பெரும்பாலான நோயாளிகளிடம் இப்படி ஒரு பழுது கண்டுபிடிக்கப்படுவதில்லை. தம்பிக்கும் அந்தப் பரிசோதனை செய்யவில்லை. ஆனாலும் "நாங்க என்ன பாவம் செஞ்சோம்" என்று அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு இதை என் பாஷையில் சொன்னபோது அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டது.

முதல் குரல் தவறிவிட்டால் அடுத்த கட்டம் ஆரம்பிக்கிறது. மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்களுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர். அவை விழித்துக்கொண்டு ரத்தத்தில் போகும் வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் வேதிப்பொருள்களை விடுகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு இளகுகிறது. அணுக்களோடு நீரும் உள்ளே வருகிறது. மண்டையோடு விரியாது, அதனால் வீக்கம் நல்ல திசுவையும் நெரிக்கிறது. இந்தப் படை வரவில்லை என்றால் வைரஸ் ஆளைத் தின்றுவிடும். வந்தால் வந்த இடமும் சேதமாகும்.

என்னை அசர வைத்தது இன்னொன்று. கல்லீரலில் தொற்றுப் பிடித்த செல்லை டி செல் கொன்றுவிடும், புதுச் செல் முளைத்துக்கொள்ளும். போன நரம்புச் செல்லுக்கோ மாற்று அநேகமாகக் கிடையாது. அதனால் நரம்பிடம் டி செல்கள் முடிந்தவரை வேறு விதமாக நடந்துகொள்கின்றன. செல்லைக் கொல்லாமல், இன்டர்ஃபெரான் காமா போன்ற சமிக்ஞைகளால் உள்ளே இருக்கும் வைரஸை மட்டும் அடக்கி வைக்கின்றன. எவ்வளவு நிதானமான ஏற்பாடு! ஆனால் அதே இன்டர்ஃபெரான் காமா மைக்ரோக்ளியாவின் காதிலும் விழுகிறது. வெஸ்ட் நைல் என்ற வைரஸ் தொற்றிய எலிகளை வைத்து 2016-லும் 2019-லும் அமெரிக்காவில் வந்த ஆய்வுகள் இதைக் காட்டின. வைரஸ் அடங்கிய பிறகும் டி செல்கள் மூளையில் தங்கி அந்தச் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருந்தன. மைக்ரோக்ளியா அதைக் கேட்டு, நரம்புக்கும் நரம்புக்கும் நடுவிலிருக்கும் இணைப்புகளைத் தின்றுகொண்டிருந்தன. செல் உயிரோடு இருந்தது, இணைப்பு போய்விட்டது, எலிகளுக்கு வழி மறந்தது. மைக்ரோக்ளியாவின் அந்தக் காதை அடைத்த எலிகளில் இணைப்புகள் பெரும்பாலும் தப்பின. வைரஸ் வேறு, பிராணி வேறு. தம்பிக்கு நடந்தது அப்படியே இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "வைரஸ் போயாச்சே, இன்னும் ஏன் மறதி" என்று கேட்கிற குடும்பங்கள் இப்படி ஒரு வழி இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபத்திமூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். சம்மரியில் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி எழுதியிருந்தது. லிஃப்ட் வரைக்கும் வந்த ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், போகிற போக்கில் சொன்னாள்: "இந்த மூணு மாசத்துக்குள்ள நடத்தை மாறினா, தூக்கம் கெட்டா, தேதிக்குக் காத்திருக்காதீங்க மேடம், உடனே வந்துடுங்க." நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் நன்றாகத் தேறினான். பதினைந்தாம் நாள் ராத்திரி தூங்கவில்லை. அடுத்த நாளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டான். மனைவியைப் பார்த்து "நீங்க யாருங்க" என்றான். உட்கார்ந்திருக்கும்போது உதடு தானாகக் குவிந்து குவிந்து விரிந்தது, எதையோ சப்புவது மாதிரி. "அண்ணி, மறுபடியும் அதேதானா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பயத்தில் இப்படி ஆகிறது, மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் நோட்டின் அட்டையைப் பார்த்தேன். அன்று ராத்திரியே கிளம்பிவிட்டோம்.

மறுபடியும் முதுகில் நீர். இந்தத் தடவை பி.சி.ஆரில் வைரஸ் இல்லை. என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பிக்கு, அதாவது நரம்புச் செல்லின் மேல் இருந்து சமிக்ஞையை வாங்கும் புரதத்துக்கு, எதிரான ஆன்டிபாடி இருந்தது.

டாக்டர் விளக்கியது இது. முதல் தடவை செத்த நரம்புச் செல்களின் உள்ளிருப்பு வெளியே கொட்டுகிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு அதைப் பொறுக்கி எடுத்து, கழுத்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறது. அங்கே ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள், வைரஸோடு சேர்த்து நம் சொந்த நரம்பின் ஏற்பியையும் எதிரியாகப் படித்துக்கொள்கின்றன. சில வாரம் கழித்து அந்த ஆன்டிபாடிகள் வந்து ஏற்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடிக்க, ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே மூழ்கிவிடுகின்றன. இந்த ஏற்பி நோயை 2007-ல் விவரித்தது ஜோசப் டால்மோவின் குழு. ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு இதுபோல நம் படையே மூளையைத் தாக்கும் நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று ஸ்பெயினில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்டார்கள். 51 பேரில் 14 பேருக்குத் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி வந்திருந்தது, எல்லாமே மூன்று மாதத்துக்குள். நாலில் ஒருவருக்கு வருவதை ஒரு சம்மரித் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? இந்த ஒரு கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

வைத்தியம் இப்போது நேரெதிர். முதல் தடவை வைரஸை அடிக்க வேண்டும், இப்போது நம் படையை அடக்க வேண்டும். ஆன்டிபாடி முடிவு வரக் காத்திருக்காமல், வைரஸ் இல்லை என்று தெரிந்ததும் தினம் ஒரு கிராம் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, ஐந்து நாள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றி ஆன்டிபாடியை வெளியேற்றுவது. இம்யூனோகுளோபுலின் ஊசியும் ஒரு வழி என்றார்கள், அதன் விலை எங்களுக்கு எட்டவில்லை. சிறு குழந்தைகளுக்கு இந்த இரண்டாம் அலை வந்தால் கை கால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் முதலில் தெரியுமாம். பெரியவர்களுக்குப் புத்தி பேதலித்த மாதிரி இருப்பதால், மனநோய் என்று எண்ணிவிடும் ஆபத்து அதிகம்.

மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. உதடு ஆடுவது நின்றது. ஒரு காலையில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் கேட்டான்.

பிற்பாடு நான் கவனித்தது ஒன்று உண்டு. இரண்டாம் அலையில் போனதெல்லாம் திரும்பி வந்தது. சந்தேகம், ஆள் தெரியாமை, அந்த உதட்டு அசைவு எல்லாம் போயே போய்விட்டது. ஆன்டிபாடி செல்லைக் கொல்வதில்லை, ஏற்பியை மூழ்கடிக்கிறது, அவ்வளவுதான். ஆன்டிபாடி குறைந்ததும் ஏற்பிகள் மேலே வந்துவிட்டன. முதல் அலையில் போன பெயர்கள் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் வெர்னியர் படத்தைக் காட்டினால், "அளக்கறது, ஜாப்போட விட்டம் பார்க்கறது" என்று சரியாகச் சொல்வான், பெயர் வராது. கையில் கொடுத்தால் நூலிழை பிசகாமல் அளப்பான். எது திரும்பும், எது திரும்பாது என்பது எந்தச் சமிக்ஞை எதைச் செய்தது என்பதைப் பொறுத்தது என்று எனக்குப் புரிந்த பிறகு, அவனிடம் கோபப்படுவது நின்றது. "யோசிச்சுப் பாரு, வரும்" என்று அவனைப் போட்டு நெருக்கிய நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

இதே நிலைமையில் யாராவது இருந்தால், நான் பட்டதிலிருந்து சில விஷயங்கள். காய்ச்சலோடு பேச்சு குழறினால், பெயர் மாறினால், இல்லாத வாடை வந்தால், ஆள் வழக்கத்துக்கு மாறாக நடந்தால், ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்காதீர்கள். நேராக நியூரோ டாக்டரும் ஸ்கேனும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அட்மிட் ஆன பிறகு அசைக்ளோவிர் தொடங்க இரண்டு நாளுக்கு மேல் தாமதமானவர்களின் கதி மோசமாக இருந்ததாக ஆய்வுகளே சொல்கின்றன. முதுகு நீர் எடுத்தால் கால் வராமல் போகும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட எங்கள் சித்தப்பா மறுத்தார். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது, அந்தப் பரிசோதனை இல்லாமல் இந்த நோயை உறுதி செய்யவும் முடியாது. முதல் மூன்று நாளுக்குள் எடுத்த நீரில் வைரஸ் தென்படாமலும் போகலாம். அதனால் முதல் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றதும் மருந்தை நிறுத்தச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தூக்கம், பேச்சு, புதிதாக ஏதாவது அசைவு. இரண்டாம் தடவை போனபோது டியூட்டி டாக்டர் என் நோட்டில் மூன்று பக்கம் படித்துவிட்டுத்தான் வேகமானார். எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் முதல் சம்மரியையும் ஒரே பையில் போட்டு, வாசல் பக்கம் மாட்டி வையுங்கள். மூன்று மாதம் வரை அந்தப் பை அங்கேயே இருக்கட்டும். ஸ்டீராய்டு நல்லது செய்தது என்று யாரோ சொன்னதைக் கேட்டு முதல் அலையிலேயே அதைக் கேட்டு அடம் பிடிக்காதீர்கள். எந்த நேரத்தில் படையை அடக்கலாம், எந்த நேரத்தில் அடக்கினால் வைரஸுக்கு வழி விட்டதாகிவிடும் என்பது டாக்டர்களுக்கே யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விட வேண்டாம். வண்டிச் சாவியை எடுத்து மறைத்து வைத்தோம். அவனுக்கு அது பெரிய மனவருத்தம், ஆனாலும் தளரவில்லை. லேத்தில் நிற்கவும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக் முன்னால் ஒரு நொடி வலிப்பு வந்தால் போதும்.

பார்த்துக்கொள்கிறவரும் தூங்க வேண்டும். தம்பி மனைவி நாற்பது நாளில் ஏழு கிலோ இளைத்துவிட்டாள், நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது பட்டறையில் ஒவ்வொரு கருவிக்கும் மேலே வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கிறது. பட்டறைப் பையன்தான் எழுதினான். காலையில் வந்ததும் தம்பி ஒருமுறை வரிசையாக வாய்விட்டுப் படிக்கிறான். போன மாதம் நான் போனபோது மைக்ரோமீட்டர், டயல் கேஜ் இரண்டையும் எழுத்தைப் பார்க்காமல் சொன்னான். வெர்னியர் வந்ததும் நிறுத்தி, தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் படித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.